முயல் புழுக்கையும் வரப்புத் தகராறும்

எலி வளையானாலும் தனி வளை வேணும்னு எங்க பக்கம் சொல்வாங்க. கல்யாணமான மகன் தனிக்குடித்தனம் கேட்டு நிக்கிறப்ப, வீட்டுப் பெரியவங்களே இந்தப் பழமொழியைச் சொல்லிப் பேச்சை முடிச்சு வெப்பாங்க. எலியைப் பொறுத்தவரைக்கும் உண்மைதான். சம்பா கதிர் முத்துற நேரத்துல வரப்பை வெட்டிப் பார்த்தா வளைக்கு ஒரு சொந்தக்காரன் இருப்பான். அவன் அறுத்துச் சேர்த்த கதிரும் உள்ளே இருக்கும். மூங்கில்ல செஞ்ச கிட்டியை வயலோரமா வெச்சு அவனைப் பிடிக்கிறது தஞ்சாவூர்க்காரங்களுக்குத் தாத்தா காலத்து வேலை.

முயலுக்கு இந்தப் பழமொழி பொருந்துமா? எந்த முயல்னு கேட்டுக்கிட்டுத்தான் பதில் சொல்லணும். நாம முயல்னு ஒரே பேரால கூப்பிடுறது ரெண்டு வேற வேற பிராணி. இது தெரியாததாலதான் அடுக்குமாடி வீட்டுக்குள்ள ஜோடி முயல் வாங்கி வெச்சிருக்கிற நகரத்து சனங்க படாத பாடு படுறாங்க. அவங்களைவிட அந்த முயலுங்க அதிகமாப் படுது.

முதல்ல நம்ம ஊர் முயல். தை மாசம் சம்பா அறுவடை முடிஞ்சு, தாளுக்கு நடுவுல உளுந்து துளிர் விட்டு நிக்கிறப்ப, விடியக்காலை வரப்புல நடந்தா பார்க்கலாம். பழுப்பு உடம்பு, நீளக் காது, பின்கழுத்துல கறுப்பா ஒரு பட்டை. இது வளை தோண்டாது. திடல்லயோ படுகையிலயோ, புல் மறைவுல உடம்பு அளவுக்கு மண்ணை அழுத்திப் படுத்துக்கும், அவ்வளவுதான் வீடு. குட்டி போடுறதும் தரையிலதான். பிறக்கிறப்பவே குட்டிக்கு உடம்பு பூரா முடி இருக்கும், கண்ணு திறந்திருக்கும். பெரும்பாலும் தனியாத் திரியிற ஜென்மம். ஆபத்து வந்தா ஓட்டம்தான் அதோட ஆயுதம். சங்கப் பாட்டுல வர்றதும், காட்டு முயல் மேல பட்ட அம்பைவிட யானை மேல எறிஞ்சு தவறின வேல் மேல்னு வள்ளுவர் சொல்றப்ப அவர் மனசுல இருந்ததும், நிலாவுல நாம காட்டுறதும், சிங்கத்தைக் கிணத்துல குதிக்க வெச்ச கதை முயலும் எல்லாம் இதுதான். 1972-ம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி இதைப் பிடிக்கிறது குற்றம். கடையில விக்கிறது இது இல்லை.

கடையில கூண்டுல விக்கிற வெள்ளை முயலுக்குச் சொந்த ஊர் ஸ்பெயின், போர்ச்சுகல், பிரான்சின் தெற்கு ஓரம். ஆங்கிலத்தில் நம்முடையதை ஹேர் என்றும், அதை ராபிட் என்றும் பிரித்துச் சொல்கிறார்கள். நம்மகிட்ட அது இல்லாததால நமக்குத் தனிப் பேர் வேண்டியிருக்கல. இந்தக் கட்டுரைக்கு மட்டும் அதை வளை முயல்னு வெச்சுக்கலாம். அதோட குட்டி பிறக்கிறப்ப முடி இருக்காது, கண்ணு திறக்காது, எலிக்குஞ்சு மாதிரி சிவப்பா இருக்கும். மண்ணுக்குள்ள வளை இருந்தாத்தான் அது பிழைக்கும். வளைன்னு வந்துட்டா கூட்டமும் வந்துடும். ரெண்டு முயலையும் ஒண்ணா விட்டாலும் இனம் சேராது. நம்ம முயலுக்கு குரோமோசோம் 48, வளை முயலுக்கு 44.

மனுஷனுக்கும் வளை முயலுக்கும் உள்ள உறவு ரோமாபுரியில் தொடங்குகிறது. கி.மு. முதல் நூற்றாண்டில் வாரோ என்ற ரோமானியர் விவசாயத்தைப் பற்றி எழுதிய நூலில், மதில் கட்டிய தோட்டத்துக்குள் முயல்களை விட்டு வளர்ப்பதைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். ஸ்பெயின் பக்கத்து முயல் என்று வளை முயலைத் தனியாகவும் குறிப்பிடுகிறார். அதற்குப் பின்னால் வந்த பிளினி எழுதியது இன்னும் சுவையானது. ஸ்பெயினுக்குக் கிழக்கே உள்ள பலேரிக் தீவுகளில் முயல் பெருகி விளைச்சலை அழித்ததால், அந்த மக்கள் அகஸ்டஸ் சக்கரவர்த்தியிடம் படை அனுப்பச் சொல்லிக் கேட்டார்களாம். எலிக்குப் பயந்து படை கேட்ட ராஜா கதை நம்ம பக்கம் கிடையாது. நாம கிட்டியோட நிறுத்திக்கிட்டோம்.

முயலை வீட்டுப் பிராணியாக மாற்றியது பிரான்ஸ் நாட்டுத் துறவிகள், கி.பி. 600 வாக்கில் போப் ஒருவர் முயல் குட்டி மீன் மாதிரிதான், விரத நாளில் சாப்பிடலாம் என்று உத்தரவு போட்டதால் அது நடந்தது என்று ரொம்ப நாளாகப் புத்தகங்களில் எழுதி வந்தார்கள். 2018-ல் ஆக்ஸ்போர்டு ஆராய்ச்சியாளர்கள் கிளறிப் பார்த்ததில், அப்படி ஒரு உத்தரவே இல்லை என்று தெரிந்தது. கிரிகோரி என்ற பேரில் இருந்த இரண்டு பேரைக் குழப்பிக்கொண்டு வந்த கதை. முயல் எந்த வருஷத்திலும் ஒரே நாளில் வீட்டுக்கு வந்துவிடவில்லை, கொஞ்சம் கொஞ்சமாக வந்தது என்பதுதான் அவர்கள் முடிவு. எனக்கு இது ஆச்சரியமா இல்ல. மாடும் கோழியும் எந்தத் தேதியில நம்ம வீட்டுக்கு வந்துச்சுன்னு யாரால சொல்ல முடியும்?

இங்கிலாந்துக்கு வளை முயலை நார்மன்கள் 12-ம் நூற்றாண்டு வாக்கில் கொண்டுபோனார்கள். இறைச்சிக்கும் தோலுக்கும். அந்தக் குளிரும் ஈரமும் கெட்டி மண்ணும் அதற்கு ஒத்துவரவில்லை. அதனால் பிரபுக்களும் மடங்களும் மண்ணைக் கொட்டி நீளநீளமாக மேடு போட்டுக் கொடுத்தார்கள். தலையணை வடிவில் இருப்பதால் தலையணை மேடு என்றே இன்றைக்கும் பேர். அதைப் பார்த்துக்கொள்ளத் தனியாக ஆளும் உண்டு. பயிரை அழிக்கிற பிராணின்னு பேர் எடுத்தது, அங்க முதல்ல வீடு கட்டிக் கொடுத்து வளர்க்க வேண்டிய பிராணியா இருந்திருக்கு. எங்க வெண்ணாத்துப் பக்கக் களிமண்ணுக்கும் இதே கதிதான். மழைக்காலத்துல குழம்பு, சித்திரையில பாளம் பாளமா வெடிப்பு. முயல் இங்க வளை தோண்ட முடியாது. 1934-ல் வந்த கல்லணைக் கால்வாய், நாங்க புது ஆறுன்னு சொல்றது, அந்தப் பாசனத்துச் செம்மண் பக்கம் வேணும்னா தோண்டலாம்.

முயல் எப்படிப்பட்ட பிராணி என்று உலகத்துக்குத் தெரிந்தது ஆஸ்திரேலியாவில்தான், அதுவும் அடிபட்டுத் தெரிந்தது. 1859-ல் விக்டோரியா மாகாணத்தில் ஜீலாங் ஊருக்குப் பக்கத்தில் பெரிய பண்ணை வைத்திருந்த தாமஸ் ஆஸ்டின் என்பவர், வேட்டைக்காக இங்கிலாந்தில் இருந்து முயல் வரவழைத்தார். வந்து இறங்கியது 24. அடுத்த ஐம்பது வருஷத்துக்குள் கண்டத்தின் பெரும்பகுதியில் அவை பரவிவிட்டன. மேற்கு ஆஸ்திரேலியாவில் 1901 முதல் 1907 வரை மூன்று வேலி போட்டார்கள். முதல் வேலி மட்டும் 1,833 கிலோமீட்டர். கன்னியாகுமரியில் இருந்து நாக்பூரைத் தாண்டிப் போகும் தூரம். முயல் அதற்கு முன்னாலேயே அந்தப் பக்கம் போய்விட்டிருந்தது. கடைசியில் 1950-ல் மிக்ஸோமா என்ற கிருமியைப் பரப்பினார்கள். கோடிக்கணக்கில் செத்தன. மீதி இருந்தவை எதிர்ப்புச் சக்தியோடு திரும்பவும் பெருகத் தொடங்கின.

இந்தக் கட்டத்தில்தான் அங்கே உள்ள அரசாங்க ஆராய்ச்சி நிறுவனமான சி.எஸ்.ஐ.ஆர்.ஓ., முயலைக் கொல்வது இருக்கட்டும், அது எப்படி வாழ்கிறது என்று பார்ப்போம் என்று ஆட்களை உட்கார வைத்தது. அவர்களில் ரோமன் மிக்கிடோவிச் என்பவர் கான்பரா பக்கம் வேலி போட்ட நிலத்தில் முயல்களை விட்டு வருஷக்கணக்காகக் கவனித்தார். அவர் அதிகமாகக் கவனித்தது எதை என்று நினைக்கிறீர்கள்? புழுக்கையை. சிரிக்காதீங்க. மாட்டுச் சாணியைப் பார்த்தே மாட்டோட வயிறு எப்படி இருக்குன்னு சொல்ற ஆளு நம்ம ஊர்லயும் உண்டு.

அவர் கண்டது இதுதான். வளை முயல் ஒரு கூட்டமாக ஒரு நிலப்பகுதியைத் தன்னுடையது என்று வைத்துக்கொள்கிறது. கூட்டத்தில் ஆணில் ஒரு தலைவன், பெண்ணில் ஒரு தலைவி. மேயும்போது அங்கங்கே விழும் புழுக்கை ஒரு ரகம், அதில் வாசனை குறைவு. குறிப்பிட்ட சில இடங்களில் மட்டும் திரும்பத் திரும்ப வந்து குவியலாகப் போடுவது இன்னொரு ரகம். ஆசனவாய்ப் பக்கம் உள்ள சுரப்பியின் நெடி இந்தக் குவியல் புழுக்கையில் தூக்கலாக இருக்கிறது. அந்தச் சுரப்பி பெண்ணைவிட ஆணுக்குப் பெரிது, அடங்கிக் கிடக்கும் ஆணைவிடத் தலைவனுக்குப் பெரிது. முகவாய்க்கட்டைக்கு அடியிலும் ஒரு சுரப்பி உண்டு. கல், குச்சி, வளை வாசல் எல்லாவற்றிலும் அதைத் தேய்த்து வைக்கும். தன் வாசனை இருக்கும் நிலத்தில் முயல் தைரியமாகத் திரிகிறது. அடுத்த கூட்டத்தின் வாசனை உள்ள இடத்தில் கொண்டுபோய் விட்டால் அதே முயல் பதுங்குகிறது.

படிச்சப்ப எனக்கு உடனே நினைவுக்கு வந்தது எங்க ஊர் வரப்பு. டெல்டாவுல நடக்கிற சண்டையில பாதி வரப்பு வெட்டுற சண்டைதான். நாற்று நடுறதுக்கு முன்னாடி வரப்பைச் சீவி அணைக்கிறப்ப, பக்கத்து வயல்காரன் ஒரு மண்வெட்டி அகலம் உள்ள தள்ளிச் சீவிடுவான். அடுத்த வருஷம் இன்னொரு மண்வெட்டி. சர்வே கல் காணாமப் போயிடும். அப்புறம் பஞ்சாயத்து, தாலுகா ஆபீஸ், கோர்ட்டு. வெளியில இருந்து பார்க்கிறவனுக்கு அது ஒரு கை அகல மண்ணு. எங்களுக்கு அது எல்லை. முயலுக்குப் புழுக்கைக் குவியல் சர்வே கல். ஒரே கூண்டுக்குள்ள ரெண்டு முயலை விட்டுட்டு, "ஐயோ, வீடு பூரா போட்டுத் தள்ளுதே"ன்னு நாம மூக்கைப் பொத்திக்கிறப்ப, உண்மையில அங்க நடக்கிறது வரப்புத் தகராறு. ஒண்ணு கல்லு நடுது, இன்னொண்ணு அதைப் பிடுங்கி வேற இடத்துல நடுது.

சரி, அது காட்டுல இருக்கிற முயல், பல நூறு வருஷமா கூண்டுல வளர்ந்த வெள்ளை முயலுக்கும் அப்படியான்னு கேட்கலாம். அதையும் பார்த்திருக்கிறார்கள். 1964-ல் அதே ஆஸ்திரேலியாவில் ஸ்டோடார்ட், மையர்ஸ் என்ற இருவர் காட்டு முயலையும் வீட்டு முயலையும் வேலிக்குள் விட்டு ஒப்பிட்டார்கள். சமூக வாழ்க்கையின் அடிப்படை இரண்டிலும் ஒன்றாகவே இருந்தது. அதே 1964-ல் இங்கிலாந்தில் லாக்லி என்பவர் முயலின் அந்தரங்க வாழ்க்கையைப் பற்றி ஒரு புத்தகம் போட்டார். அதைப் படித்துவிட்டு ரிச்சர்டு ஆடம்ஸ் 1972-ல் எழுதிய முயல் நாவல்தான் வாட்டர்ஷிப் டவுன். 2014-ல் மரபணுவைப் பிரித்துப் பார்த்தவர்கள், முயல் பழகிய பிராணியானது ஏதோ ஒரு மரபணு மாறியதால் அல்ல, மூளை வளர்ச்சியோடு தொடர்புள்ள பல இடங்களில் நடந்த சிறுசிறு மாற்றங்களால் என்று சொன்னார்கள். என் பாஷையில சொன்னா, மனுஷனைக் கண்டா பயப்படுறது குறைஞ்சிருக்கு. எல்லை பார்க்கிறது குறையல.

புழுக்கை விஷயத்துல இன்னொண்ணும் சொல்லணும், இதைக் கேட்டு அருவருத்துப் போய் முயலை அடிச்சவங்களை எனக்குத் தெரியும். 1882-ல் பிரான்ஸ் நாட்டுக் கால்நடை மருத்துவர் சார்லஸ் மொரோ, முயல் இரண்டு விதமாகக் கழிக்கிறது என்று எழுதினார். காய்ந்த உருண்டை ஒன்று. பளபளவென்று மெத்தென்று கொத்தாக வருவது இன்னொன்று. இந்த இரண்டாவதை அது வாய் வைத்து அப்படியே திரும்ப விழுங்கிவிடும். மாடு அசை போடுவதற்கு ஈடான வேலை இது. குடலில் விளைந்த சத்தும் வைட்டமினும் இரண்டாவது சுற்றில்தான் உடம்பில் சேரும். அதைத் தடுத்தால் முயல் மெலிந்துவிடும். ஆகவே அது குனிஞ்சு எதையோ திங்குதுன்னா பேசாம விட்டுடுங்க.

நம்ம தமிழ்நாட்டில் வளை முயலை முறையாக வைத்திருப்பது மலைமேல்தான். கொடைக்கானல் பக்கம் மன்னவனூரில் மத்திய அரசின் செம்மறியாடு, கம்பளி ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அங்கே ஒயிட் ஜெயன்ட், சோவியத் சின்சில்லா என்ற இனங்கள் வளர்கின்றன. ஊட்டிக்குப் பக்கத்தில் சாண்டிநல்லாவில் கால்நடைப் பல்கலைக்கழகத்தின் நிலையம் ஒன்று உண்டு. இறைச்சிக்கும் ரோமத்துக்கும் வளர்க்கும் முறை இவற்றின் வழியாகத்தான் கீழே இறங்கி வந்தது. அந்தப் பண்ணை முறையில் வளர்ந்த முயல் ஆளுக்கு ஒரு கூண்டில் இருக்கும். மூணு மாசம் ஆனதும் ஆணைப் பிரித்துவிடுவார்கள். இனம் சேர்க்கும்போது பெண்ணைத்தான் ஆண் கூண்டுக்குக் கொண்டுபோவார்கள், ஆணைப் பெண் கூண்டில் விடமாட்டார்கள். விட்டால் பெண் தன் இடத்துக்காகக் கடித்துக் குதறிவிடும். அடியில் கம்பி வலை, புழுக்கை கீழே விழுந்துவிடும். பண்ணைக்காரனுக்கு எல்லைத் தகராறே கிடையாது, ஏனென்றால் எல்லையைக் கம்பியே போட்டுவிட்டது. அவனுக்கு அது கணக்குச் சரி.

சிக்கல் எங்க வந்துச்சுன்னா, பண்ணைக்காரனோட முயலையும் கம்பிக் கூண்டையும் எடுத்துக்கிட்டு, ஆளுக்கு ஒரு கூண்டுங்கிற அவனோட விதியை மட்டும் விட்டுட்டு, ரெண்டு முயலை ஒண்ணா அடைச்சு "ஜோடி"ன்னு விக்கிற வியாபாரத்துல. என் தங்கச்சி மகள் சென்னையில இருக்கா. பிள்ளைங்க கேட்டுதுன்னு ரெண்டு குட்டி வாங்கினா. ரெண்டும் பொண்ணுதான்னு கடைக்காரர் சொன்னாராம். குட்டியில ஆண் பெண் பார்க்கிறது கைப்பழக்கம் உள்ளவங்களுக்கே தவறும். நாலாவது மாசம் போன் பண்ணினா. "மாமா, இதுங்க பெட்டியில ஒழுங்கா போயிக்கிட்டு இருந்துச்சு. இப்ப சோபா, கட்டில், பையன் ஸ்கூல் பேக்னு ஒண்ணு விடல. ஒண்ணு மேல ஒண்ணு மூத்திரத்தைப் பீச்சுது. முடியைப் பிடுங்கிச் சண்டை. கடையிலயே திருப்பிக் குடுத்துடலாமா?"ன்னு கேட்டா. வயசுக்கு வந்துடுச்சும்மா, அதான்னு சொன்னேன். பிரிச்சு வைக்கிறதுக்குள்ள ஒரு ஈத்து வந்துடுச்சு. சினைக்காலம் ஒரு மாசந்தான், 31 நாள் கணக்கு.

இந்த இடத்தில் அமெரிக்காவில் நடந்ததைச் சொல்ல வேண்டும். அங்கேயும் முயல் என்றால் கொல்லைப்புறக் கூண்டில் கிடக்கும் பிராணிதான். 1985-ல் கலிபோர்னியாவைச் சேர்ந்த மாரினெல் ஹாரிமன் என்ற அம்மையார், முயலைப் பூனை மாதிரி வீட்டுக்குள் விட்டு வளர்ப்பது பற்றி ஒரு கையேடு எழுதினார். 1988-ல் ஹவுஸ் ராபிட் சொசைட்டி என்ற அமைப்பு தொடங்கியது. கைவிடப்பட்ட முயல்களை எடுத்து வளர்க்கிறவர்கள் அவர்கள். அவர்கள் சொன்ன வழிகள் எல்லாம் பார்க்கப் புதுசு மாதிரி இருக்கும். ஆனால் மிக்கிடோவிச் வேலிக்குள் கண்டதோடு வைத்துப் பார்த்தால் ஒவ்வொன்றுக்கும் காரணம் விளங்கும்.

முதலாவது, கருத்தடை ஆபரேஷன். வாசனைச் சுரப்பியை ஆட்டி வைப்பது இனப்பெருக்க ஹார்மோன்தான். அது அடங்கினால் சர்வே கல் நடும் வேகமும் அடங்கும். மூத்திரம் பீச்சுவது பெரும்பாலும் நின்றுவிடும், புழுக்கை பெட்டிக்குள் வந்துவிடும். ஆபரேஷன் செய்யாத பெண் முயலுக்கு வயதானபின் கர்ப்பப்பைப் புற்றுநோய் அதிகம் வருவதால் அதற்கும் இது காப்பு. ஆணுக்குச் செய்தபிறகும் சில வாரம் கரு தங்க வாய்ப்பு உண்டு, உடனே சேர்த்துவிடக் கூடாது. முயலுக்கு மயக்க மருந்து கொடுப்பது தனிப் பழக்கம். நாய், பூனைக்குச் செய்கிற எல்லா டாக்டரும் முயலுக்குச் செய்துவிட மாட்டார்கள். எத்தனை முயலுக்குச் செய்திருக்கிறீர்கள் என்று வெட்கப்படாமல் கேட்டுவிட்டுக் கொடுங்கள். முயலைப் பட்டினி போட்டு ஆபரேஷனுக்கு அனுப்பக் கூடாது என்பதும் அப்படிப் பழக்கம் உள்ள டாக்டருக்குத் தெரிந்திருக்கும்.

அடுத்தது, ரெண்டையும் சேர்க்கிற இடம். ஏற்கெனவே ஒண்ணு இருக்கிற அறையில இன்னொண்ணைக் கொண்டுபோய் விடுறது, அடுத்தவன் வயலுக்குள்ள டிராக்டரை இறக்குற மாதிரி. ரெண்டுக்கும் சொந்தமில்லாத இடம் வேணும். ரெண்டுமே போகாத குளியலறை, இல்லைன்னா அக்கம்பக்கத்து வீடு. அதுக்கு முன்னாடி ஒரு ரெண்டு வாரம் பக்கத்துப் பக்கத்துக் கூண்டுல, பல்லு எட்டாத தூரத்துல வெச்சு, ஒண்ணோட பெட்டியை இன்னொண்ணு கூண்டுக்கு மாத்தி மாத்தி வைங்க. வாசனை பழகிடும். அப்புறம் பத்து நிமிஷம், கால் மணி நேரம்னு கூட இருந்து பார்க்கணும். ஒண்ணு மேல ஒண்ணு ஏறினா பதறாதீங்க, தலைவன் யாருன்னு பேசி முடிக்கிறாங்க. வட்டம் போட்டுத் துரத்தி வயித்துப் பக்கம் கடிக்கப் போனா உடனே பிரிச்சுடணும். முயல் பல்லு சாதாரணம் இல்ல. ஆண் ஒண்ணு பெண் ஒண்ணு, ரெண்டுக்கும் ஆபரேஷன் ஆனதுன்னா சீக்கிரம் ஒத்துப்போகும்.

மூணாவது பெட்டி. முயல் தானாவே ஒரு மூலையைப் பிடிக்கும். நமக்குப் பிடிச்ச மூலையில பெட்டியை வெச்சுட்டு அதைப் பழக்கிறேன்னு நிக்கிறதைவிட, அது பிடிச்ச மூலைக்குப் பெட்டியைத் தூக்கிட்டுப் போறது சுலபம். அடியில காகிதம், மேல வைக்கோல். பெட்டியில உட்கார்ந்தாப்பல எட்டுற உயரத்துல காய்ஞ்ச புல்லைக் கட்டி விட்டா அங்கேயே மேய்ஞ்சுக்கிட்டு அங்கேயே போட்டுக்கும். முயல் மேயுற நேரமும் கழிக்கிற நேரமும் ஒண்ணுதான், ஒரு நாளைக்கு 200, 300 உருண்டை சர்வ சாதாரணம். கழுவுறப்ப முழுசா மணக்க மணக்கக் கழுவிடாதீங்க. நாலு புழுக்கையைத் திரும்ப உள்ள போட்டு வைங்க. வெளியில போட்ட இடத்தை மட்டும் வினிகர் தண்ணியால துடைங்க. ரெண்டு முயல்னா பெட்டியும் ரெண்டு, முடிஞ்சா மூணு. பூனைக்குன்னு விக்கிற, ஈரம் பட்டா கட்டி பிடிக்கிற களிமண் துகள் ஆகவே ஆகாது, தின்னா குடல்ல கட்டிக்கும். களிமண்ணு நெல்லுக்குத்தான் நல்லது.

தீனிக்கு அருகம்புல்லும் கோ-4 தீவனப்புல்லும் போதும், கொஞ்சம் வேலிமசால், அகத்தி. கேரட்டைப் படத்துலதான் முயல் திங்குது, அதுல சர்க்கரை அதிகம். சித்திரை, வைகாசி வெயில்தான் பயம். முயலுக்கு வேர்க்காது, 30 டிகிரி தாண்டினாலே அதுக்குச் சிரமம். ஈரச்சாக்கும் மண்பானை ஓடும் இல்லாம மொட்டை மாடியில வெச்சா ஒரு மத்தியானத்துல போயிடும். கம்பி வலைத் தரை குதிங்காலைப் புண்ணாக்கும், பலகையோ சாக்கோ போடணும்.

இவ்வளவையும் ஏன் ஒரு நெல்லு விவசாயி எழுதுறான்னு கேட்டா, காரணம் இருக்கு. பரீட்சை லீவு முடிஞ்சு நகரத்துக்காரங்க திரும்பிப் போறப்ப, சண்டை போடுற முயலையும் நாத்தம் தாங்காத முயலையும் எங்க ஊர் ஆத்தங்கரையில இறக்கி விட்டுட்டுப் போறாங்க. காடு மேடுல முயல் திரியுதே, இதுவும் அதுங்களோட சேர்ந்து பிழைச்சுக்கும்னு நல்ல எண்ணத்துலதான் செய்றாங்க. வெள்ளை நிறம் ராத்திரியில விளக்கு மாதிரி தெரியும். ஓடவும் தெரியாது, வளை தோண்ட மண்ணும் தோதில்ல. நம்ம ஊர் முயலுக்கும் அதுக்கும் ஒட்டும் இல்ல, உறவும் இல்ல. ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி மதகு ஓரமா நாலு முயல் அட்டைப்பெட்டியோட கிடந்துச்சு. மூணை ராத்திரியே நாய் இழுத்துட்டுப் போயிடுச்சு. வளர்க்க முடியலைன்னா ஊர்ல வளர்க்கிற ஆளைத் தேடிக் கையில குடுங்க. கரையில விடாதீங்க.

மிச்சம் இருந்த ஒண்ணு எங்க வீட்டுலதான் இருக்கு. பகல்ல மாட்டுக்கொட்டகையில விட்டுடுவோம், ராத்திரி பலகைப் பெட்டியில. யாரும் எதுவும் பழக்கல. வந்த நாலாம் நாளே வைக்கோல் போரோட அடியில ஒரு பொந்து பறிச்சுக்கிச்சு. கொட்டகையோட வடகிழக்கு மூலையை எடுத்துக்கிச்சு, இன்னிக்கு வரைக்கும் அங்கதான் போகுது. கன்னுக்குட்டி தெரியாம அந்தக் குவியலை மிதிச்சா, அது போனதும் வந்து சரியா அதே இடத்துல புதுசாப் போட்டு வைக்கும். குவியல் சேரச் சேர அள்ளிக் கத்தரிப் பாத்திக்குப் போடுறேன், ஆட்டுப் புழுக்கைக்குக் கொஞ்சமும் சளைச்சதில்லை. அள்ளுறப்ப அடியில ஒரு கை மட்டும் விட்டு வைக்கிறேன். அறுவடை முடிஞ்சு கையில காசு வந்ததும் ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோய் ஆபரேஷன் பத்திக் கேட்கணும். அதுக்கப்புறந்தான் துணைக்கு இன்னொண்ணு.